ஆற்றில் போட்டுக் குளத்தில் எடுத்தவரும் 40 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும்

போன தீபாவளிக்கு விருத்தாசலம் போயிருந்தபோது சித்தப்பாவின் செராமிக் பட்டறையில் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். டக்... டக்... கொஞ்சம் இடைவெளி, மறுபடி டக். பக் மில் ஓடுகிற இரைச்சலில் அவருக்கு அது காதிலேயே விழவில்லை. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறபோது போடுகிற சத்தம் அது.

2004இல் நான்தான் அசெம்பிள் செய்து கொடுத்த கம்ப்யூட்டர். விண்டோஸ் எக்ஸ்பி, 40 ஜிபி டிஸ்க். இண்டர்நெட் கிடையாது. ஃபியூஸ் கேரியர், இன்சுலேட்டர், கார்த்திகை வந்தால் அகல் விளக்கு என்று பட்டறையில் எது போனாலும் அதில்தான் பில். அந்த பில்லிங் புரோகிராமை யாரோ ஒரு பையன் விஷுவல் பேசிக்கில் எழுதிக் கொடுத்தான். அவனும் இப்போது ஊரில் இல்லை, சோர்ஸ் கோடும் இல்லை. இதெல்லாம்கூடப் போகட்டும். சித்தப்பா இருபது வருஷமாக கிளேஸ் கலவைக் குறிப்புகளை அதில்தான் தட்டி வைத்திருக்கிறார். பெல்ஸ்பார் எத்தனை கிலோ, குவார்ட்ஸ் எத்தனை, சைனா கிளே எத்தனை, சூளையில் எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம், எது வெடித்தது, எது பளபளத்தது எல்லாம்.

"பெண்டிரைவ்ல காப்பி பண்ணிப் புதுசுல போட்டா ஆவாதாடா?" என்றார்.

"ஆவாது சித்தப்பா."

"ஏன் ஆவாது?"

இந்த "ஏன்"-க்குப் பதில் சொல்ல உட்கார்ந்ததில்தான் இந்தக் கட்டுரை. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எழுத்து விஷயம். சித்தப்பாவின் குறிப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. யுனிகோட் பரவுவதற்கு முன்பு நாம் தமிழ் தட்டிய கதை இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. திரையில் "அம்மா" என்று தெரியும். ஆனால் கோப்புக்குள்ளே கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகள்தான். எழுத்துரு என்கிற முகமூடியை மாட்டினால்தான் அது தமிழாகத் தெரியும். ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு முகமூடி செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் தரப்படுத்தினார்கள். தமிழக அரசு யுனிகோடுக்கு மாற ஆணை போட்டது 2010இல். அதற்கு முன் தட்டப்பட்ட தமிழில் பெரும்பகுதி, அது தட்டப்பட்ட கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்தால் வெறும் கிறுக்கல். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர் இப்படித்தான் ஃபைல்களை மட்டும் காப்பி செய்துவிட்டு, பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டார். புதுசில் திறந்தால் அரைப்புள்ளியும் ஆங்கிலமும். எந்த எழுத்துரு என்று அவருக்கு நினைவில்லை.

ஆக, ஃபைல், எழுத்துரு, பில்லிங் புரோகிராம், அது தேடுகிற டிஎல்எல், ரெஜிஸ்ட்ரி, விண்டோஸ் எல்லாவற்றையும் அப்படியே பெயர்த்து இன்னொரு டிஸ்க்கில் வைத்தாக வேண்டும். வீட்டைப் பெயர்த்து வேறு மனையில் வைப்பது மாதிரி. இது ஏன் சாதாரண காப்பியில் நடக்காது என்றால், அதற்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கிறது.

1970களில் கேரி கில்டால் எழுதிய சிபி/எம் இயங்குதளத்திலேயே இந்தச் சிக்கல் ஆரம்பித்துவிட்டது. 8 அங்குல ஃபிளாப்பியில் முதல் இரண்டு டிராக்கை சிஸ்டத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த இரண்டு டிராக்கில் இருப்பது ஃபைல் கிடையாது. அதற்குப் பெயர் கிடையாது, பட்டியலில் வராது. எல்லா ஃபைலையும் ஒன்றுவிடாமல் காப்பி செய்தாலும் புது ஃபிளாப்பி பூட் ஆகாது. சிஸ்ஜென் என்று தனியாக ஒரு புரோகிராம் ஓட்டித்தான் அந்த டிராக்குகளை எடுத்து வைக்க வேண்டும். எம்எஸ்-டாஸ் வந்தபோது இதற்கு சிஸ் என்று ஒரு கட்டளை. அங்கேயும் ஐஓ.சிஸ், எம்எஸ்டாஸ்.சிஸ் என்ற இரண்டு மறைவு ஃபைல்கள், பழைய பதிப்புகளில், பட்டியலின் முதல் இரண்டு இடத்தில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்றாவது இடத்தில் வைத்தால் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அதாவது என்ன இருக்கிறது என்பதோடு எங்கே இருக்கிறது என்பதும் சிஸ்டத்தின் பகுதி.

1983 மார்ச்சில் ஐபிஎம் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. அதோடு வந்த டாஸ் 2.0தான் எம்பிஆர் என்கிற முதல் செக்டாரைக் கொண்டுவந்தது. மொத்தமே 512 பைட். அதில் 446 பைட் பூட் செய்கிற குறியீடு. அடுத்த 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், நாலு பார்ட்டிஷனுக்குத் தலா 16 பைட். கடைசி இரண்டு பைட் முத்திரை, எண்ணாகச் சொன்னால் 85, 170. இந்த இரண்டு எண் அந்த இடத்தில் இல்லையென்றால் பயாஸ் அந்த டிஸ்க்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 1983இல் போட்ட இந்த 512 பைட் கணக்கு சித்தப்பாவின் 2004 கம்ப்யூட்டரிலும் அப்படியே இருக்கிறது. 2 டெராபைட்டைத் தாண்டிய டிஸ்க்குகள் வந்தபிறகுதான் அது போதாமல் ஜிபிடி பரவலானது.

டாஸ் காலத்தில் சிஸ் கட்டளை கொடுத்துவிட்டு மீதியை எக்ஸ்காப்பியில் நகர்த்திவிடலாம். நானே செய்திருக்கிறேன். 1995இல் விண்டோஸ் 95 வந்ததும் அந்த வழி அடைபட்டது. நீளப் பெயர்கள், ரெஜிஸ்ட்ரி, ஓடிக்கொண்டிருக்கும்போது திறக்கவே விடாத ஃபைல்கள் எல்லாம் சேர்ந்துகொண்டன. ஓடுகிற வண்டியில் டயர் மாற்ற முடியுமா? 1990களின் நடுவில் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பைனரி ரிசர்ச் என்ற சின்ன நிறுவனத்தில் மரே ஹசார்ட் என்பவர் கோஸ்ட் என்ற மென்பொருளை எழுதினார். விண்டோஸை எழுப்பாமலே, டாஸ் ஃபிளாப்பியில் பூட் செய்து, டிஸ்க்கை டிஸ்க்காகவே நகலெடுப்பது. 1998இல் சைமன்டெக் அதை வாங்கியது. அதன்பிறகு நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் ரிச்சி ஸ்ட்ரீட் முதல் எங்கள் காலேஜ் லேப் வரை வந்து சேர்ந்தது. "கோஸ்ட் அடிச்சுடு" என்பது அப்போது தமிழ் வினைச்சொல்லே ஆகிவிட்டது.

அந்த லேப்பில்தான் எனக்கு முதல் அடி. பி.இ. மூன்றாம் வருஷம். நன்றாக ஓடுகிற டிஸ்க்கிலிருந்து புது வெற்று டிஸ்க்குக்கு கோஸ்ட் அடிக்கச் சொன்னார்கள். எது மூலம், எது இலக்கு என்று கோஸ்ட் கேட்கும். நான் மாற்றிக் கொடுத்துவிட்டேன். வெற்று டிஸ்க் மிகத் துல்லியமாக நல்ல டிஸ்க்கின் மேல் நகலாகிவிட்டது! ஒரு வாரம் யாரும் என்னோடு பேசவில்லை. யூனிக்ஸில் இதே வேலையைச் செய்கிற டிடி என்ற கட்டளை 1970களிலிருந்து இருக்கிறது. அதற்கு "டிஸ்க் டெஸ்ட்ராயர்" என்று கேலிப்பெயர் வந்ததும் என்னைப்போன்ற ஆட்களால்தான்.

இடமாற்றத்தில் இன்னொரு கண்ணி, அடையாளம். எம்பிஆருக்குள் 440ஆம் பைட்டிலிருந்து நாலு பைட்டில் விண்டோஸ் ஒரு எண்ணை எழுதி வைக்கும். டிஸ்க் கையெழுத்து என்று பெயர். எது சி டிரைவ் என்பதை எக்ஸ்பி அந்தக் கையெழுத்தையும் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தையும் வைத்துத்தான் முடிவு செய்கிறது. அச்சு அசலாக நகலெடுத்தால் இரண்டு டிஸ்க்குக்கும் ஒரே கையெழுத்து. இரண்டையும் மாட்டிக்கொண்டு பூட் செய்தால் விண்டோஸ் குழம்பி ஒன்றின் கையெழுத்தை மாற்றிவிடும். அப்புறம் பாஸ்வேர்டு போட்டால் உள்ளே போய், உடனே வெளியே வந்து, மறுபடி பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருக்கும். நகலை முதல்முதலில் எழுப்பும்போது அசல் பக்கத்தில் இருக்கக்கூடாது. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததே, அதில் விண்டோஸும் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. லட்சக்கணக்கான மடிக்கணினிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து யாரும் இன்ஸ்டால் செய்ய முடியாது. இந்த மாதிரி வேலைக்கு ஒரு மூலப் படிவம் தயாரித்து அதைத்தான் எல்லா டிஸ்க்கிலும் இறக்குவார்கள். எங்கள் ஊர் மொழியில் சொன்னால் அச்சு. பிளாஸ்டர் மோல்டில் களிமண் கரைசலை ஊற்றி நூறு பொம்மை எடுப்பதுபோல. பொம்மைக்குத் தனிப்பெயர் தேவையில்லை. கம்ப்யூட்டருக்குத் தேவை. அதனால் படிவத்தை அச்சுக்குக் கொடுக்கும்முன் அடையாளங்களை அழித்து, முதல் பூட்டில் புதிதாக உருவாகும்படி விடுகிற சிஸ்பிரெப் என்ற கருவியை மைக்ரோசாஃப்ட் தருகிறது. நூறு கம்ப்யூட்டர் செய்ய அடையாளத்தை அழிக்க வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை இடம் மாற்ற அடையாளத்தைக் காப்பாற்ற வேண்டும். நம்முடையது இரண்டாவது வேலை.

இந்த இடத்தில் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விருத்தாசலத்தின் பழைய பெயர் திருமுதுகுன்றம். சுந்தரர் இங்கே வந்தபோது சிவனிடம் 12,000 பொன் பெற்றார் என்று பெரியபுராணம் சொல்கிறது. அதைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை போவது எப்படி? இங்கே மணிமுத்தாற்றில் போடு, அங்கே கோயில் குளத்தில் எடுத்துக்கொள் என்று பதில் வருகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற ஊர். ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாரே என்று பரவையார் சிரித்ததாகச் சொல்வார்கள். ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை இது.

பலர் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஒரு விவரம் அந்தக் கதையில் இருக்கிறது. ஆற்றில் போடும்முன் சுந்தரர் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை வெட்டித் தன் கையில் வைத்துக்கொள்கிறார். அதற்கு மச்சம் என்று பெயர். மாதிரிப் பொன். திருவாரூரில் குளத்திலிருந்து எடுத்ததும் அந்த மச்சத்தோடு ஒப்பிட்டு உரைத்துப் பார்க்கிறார்கள். மாற்று குறைகிறது! சுந்தரர் மறுபடி பாடி, மாற்று சரியான பிறகுதான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார். கமலாலயக் கரையில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே ஒரு பிள்ளையார் இருக்கிறார்.

நம்பினவர், கொடுத்தவர் கடவுள். அப்படியிருந்தும் 12ஆம் நூற்றாண்டில் இந்தக் கதையை எழுதிய சேக்கிழார் ஒரு மாதிரித் துண்டையும் ஒரு உரைகல்லையும் கதைக்குள் வைத்திருக்கிறார். எனக்கு இது சைவமாகத் தெரிவதைவிட செக்சம்மாகத்தான் தெரிகிறது. தொழில் புத்தி, மன்னிக்கவும்.

சரி, பட்டறைக்கு வருவோம். அன்று சாயங்காலமே கம்ப்யூட்டரை அணைத்து டிஸ்க்கைக் கழற்றினேன். டக் டக் சத்தம் போடுகிற டிஸ்க்கில் விண்டோஸை ஓடவிடுவது நோயாளியை மாடிப்படி ஏறச்சொல்வது மாதிரி. கோஸ்ட், குளோன்ஜில்லா எல்லாம் நல்ல டிஸ்க்குக்குத்தான் பொருத்தம். சீக்கான டிஸ்க்குக்கு டிடிரெஸ்க்யூ. அது முதலில் சிரமமில்லாமல் வருகிற பகுதிகளை எல்லாம் வேகமாக எடுத்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கிற இடத்தைக் குறித்துவைத்துவிட்டுத் தாண்டிப் போகும். கடைசியில் திரும்பி வந்து அந்த இடங்களை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கி என்று ஒரு வரைபட ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். எங்கள் ஊருக்கு இது முக்கியம்.

40 ஜிபி டிஸ்க் என்றால் 7,81,65,360 செக்டார். என் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டு, யுஎஸ்பி கன்வெர்ட்டரில் டிஸ்க்கை மாட்டி, முதலில் ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்தேன். நேராகப் புது டிஸ்க்குக்குப் போகவில்லை. இமேஜ் கையில் இருந்தால் அடுத்து என்ன தப்பு செய்தாலும் திரும்ப ஆரம்பிக்கலாம். லேப்பில் வாங்கிய அடி சும்மா போகுமா? ராத்திரி முழுக்க ஓடியது. சித்தப்பா இரண்டு தடவை எழுந்து வந்து பார்த்தார். சூளை எரியும்போது இப்படித்தான் எழுந்து எழுந்து பார்ப்பார்.

காலையில் 16 செக்டார் மட்டும் வரவில்லை. 8,192 பைட். இந்த டிஸ்க்கின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கிளஸ்டர் என்பது 8 செக்டார், ஆக இரண்டு கிளஸ்டர். எந்த ஃபைலுக்குச் சொந்தம் என்று பார்த்தேன். ஒன்று காலி இடம். இன்னொன்று 2009இல் தட்டிய ஒரு கிளேஸ் குறிப்பின் நடுவில். ஃபைல் பெயரைப் படித்துக் காட்டினேன். தொண்டை அடைத்தது எனக்குத்தான்.

சித்தப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அதுவா? அது சூளைல கொப்புளிச்சிக்கிட்டே இருந்ததுன்னு விட்ட கலவைடா. போனா போவுது."

பிழைத்தேன்.

பிறகு இமேஜை 120 ஜிபி எஸ்எஸ்டியில் எழுதினேன். எழுதி முடித்ததும், பூட் செய்வதற்கு முன்னால், ஷா-256 கணக்கு இரண்டுக்கும் போட்டேன். 64 எழுத்து நீளமுள்ள கைரேகை மாதிரி அது. ஒரு பிட் மாறினாலும் மொத்தமாக வேறாக வரும். இங்கே இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். எஸ்எஸ்டி பெரியது, அதனால் முழு டிஸ்க்குக்கும் கணக்குப் போட்டால் பொருந்தவே பொருந்தாது. இமேஜின் நீளமான 40,02,06,64,320 பைட் வரைக்கும்தான் போட வேண்டும். இரண்டாவது, விண்டோஸ் ஒரு தடவை எழுந்துவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு ஏதாவது எழுத ஆரம்பித்துவிடும். அதற்குப்பின் ஒப்பிட்டுப் பயனில்லை. வீட்டுக்குக் கொண்டுபோகும்முன் குளக்கரையிலேயே உரைத்துப் பார்த்துவிட வேண்டும். 64 எழுத்தும் பொருந்தின.

எஸ்எஸ்டிக்கு எக்ஸ்பி அவ்வளவு தோதில்லை. எக்ஸ்பியின் பார்ட்டிஷன் 63ஆம் செக்டாரில் தொடங்குகிறது. எஸ்எஸ்டியின் 4,096 பைட் கட்டங்களோடு அது ஒட்டாது. விஸ்டாவிலிருந்துதான் 2,048ஆம் செக்டாரில் தொடங்கி இதைச் சரிசெய்தார்கள். நகர்த்தலாம்தான், ஆனால் நகர்த்தினால் மேலே சொன்ன அடையாளக் கணக்கு கலையும். கொஞ்சம் வேகம் குறைந்தால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். பழைய போர்டில் சாட்டா இல்லை, 40 முனை ரிப்பன் கேபிள்தான். நடுவில் ஒரு சின்ன கன்வெர்ட்டர் போட்டு, பழைய டிஸ்க்கை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, சுவிட்சைப் போட்டேன். பச்சைப் புல்வெளி வந்தது. பில்லிங் திறந்தது. பாமினியில் தமிழ் தெரிந்தது. சித்தப்பா ஒரு அகல் விளக்கு ஆர்டருக்கு பில் போட்டுப் பார்த்தார்.

எல்லாம் முடிந்து பஸ்ஸில் சென்னை திரும்பும்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. 64 எழுத்தும் பொருந்தியது எதை நிரூபிக்கிறது? எஸ்எஸ்டியும் இமேஜும் ஒன்று என்பதை மட்டும். இமேஜும் பழைய டிஸ்க்கும் ஒன்று என்பதை அது நிரூபிக்கவில்லை. அந்த 16 செக்டார் இமேஜிலும் பூஜ்யம், எஸ்எஸ்டியிலும் பூஜ்யம், அதனால் கைரேகை அழகாகப் பொருந்தியது. ஓட்டை உள்ள நகலும் தன் நகலோடு நூற்றுக்கு நூறு பொருந்தும். ஃபைல் ஒவ்வொன்றுக்கும் முன்பே போட்டுவைத்த கணக்கு இருந்திருந்தால், எது கெட்டது என்று தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது, அதுவே சொல்லியிருக்கும். 2004இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்தப் பட்டறைக்குப் போயிருக்கிறேன். டிஸ்க் நன்றாக இருந்த அத்தனை வருஷத்தில் ஒரு இமேஜ் எடுத்து, ஒரு கணக்குப் போட்டு வைக்க ஒரு சாயங்காலம் போதும். செய்யவில்லை.

சுந்தரர் மச்சத்தை வெட்டியது பொன் கையில் இருந்தபோது. மாற்றுக் குறைந்ததை அவரால் கண்டுபிடிக்க முடிந்ததற்கு அதுதான் காரணம். நான் ஆற்றில் விழுந்தபிறகு வெட்டினேன். 2009 குறிப்பு கொப்புளித்த கலவையாக இருந்தது என் அதிர்ஷ்டம்.

இந்த இடமாற்றமும் நிரந்தரம் இல்லை. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தி 2014 ஏப்ரல் 8இலிருந்து வருஷங்கள் ஓடிவிட்டன. அந்த போர்டும் ஒருநாள் போகும். இப்போது இமேஜிலிருந்து கிளேஸ் குறிப்புகளை எடுத்து, பாமினியிலிருந்து யுனிகோடுக்கு மாற்ற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொண்டிருக்கிறேன். மாற்றியதை வாரம் பத்து பக்கம் பிரிண்ட் எடுத்து அனுப்புகிறேன். சித்தப்பா படித்துப் பார்த்துத் தப்பு இருந்தால் சிவப்புப் பேனாவில் சுழித்து வாட்ஸப்பில் போட்டோ அனுப்புவார். போன வாரம் ஒரு பக்கத்தில் 12 கிலோ குவார்ட்ஸ் என்று இருந்ததைச் சுழித்து அனுப்பினார். போன் போட்டேன்.

"ஸ்கிரிப்ட் தப்பு இல்லியே சித்தப்பா, அசல்லயே 12 தான் இருக்கு."

"அப்ப நான்தான் தப்பா அடிச்சிருக்கேன். 21 டா அது. கையில கலந்தவனுக்குத் தெரியாதா?"

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கும். சத்தம் வருவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். அதில் தட்டியவர் இருக்கும்போதே.